லூப் எங்கே நேரத்தைத் தின்கிறது?

"லூப்பைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டு, வேகம் கூடும்." ஜாவாஸ்கிரிப்ட் எழுதப் பழகுகிற எவர் காதிலும் இந்த அறிவுரை ஒருமுறையாவது விழுந்திருக்கும். பட்டியலின் நீளத்தை முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள், ஃபாருக்குப் பதில் வைல் போடு, ஒரு சுற்றில் எட்டுச் சுற்றின் வேலையைச் சேர்த்துச் செய் என்று இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. ஒரு காலத்தில் இவற்றில் பலவும் உண்மை. இன்று பெரும்பாலும் பயனற்றவை. அன்று ஏன் பலித்தன, இன்று ஏன் பலிப்பதில்லை என்று பார்த்தாலே, ஒரு லூப்பின் நேரம் எங்கே போகிறது என்பது பிடிபட்டுவிடும்.

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தை 10 நாளில் எழுதி முடித்தார். படிவத்தில் பெயர் எழுத மறந்தால் எச்சரிப்பது, பட்டனை அழுத்தினால் ஒரு செய்தியைக் காட்டுவது போன்ற சில்லறை வேலைகள்தான் அன்று அதற்கு இருந்தன. அதை ஓட்டியது ஓர் இன்டர்பிரெட்டர். நிரலைச் சின்னச் சின்னக் கட்டளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது என்ன கட்டளை என்று பார்த்து, அதைச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரே வரியைப் பத்தாயிரம் முறை ஓட்டினாலும், பத்தாயிரமாவது முறையும் அதே விசாரணைதான்.

அப்படிப்பட்ட இயந்திரத்தில் கட்டளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் நேரம் குறைந்தே தீரும். முன்னோக்கி ஓடும் லூப், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணியில் ஒன்றைக் கூட்ட வேண்டும், பட்டியலின் நீளத்தைத் தேடி எடுக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் ஒன்றைக் கழித்து, பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார்த்தால் போதும். எட்டுச் சுற்றை ஒன்றாக்கும் உத்தி இன்னும் பழையது. 1983-ல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் டாம் டஃப், அனிமேஷன் ஓட்டும் ஒரு சி நிரலை விரைவுபடுத்த எழுதியது அது. 'டஃப்ஸ் டிவைஸ்' என்று பெயர் பெற்ற அந்த உத்தியை வலைத்தள நிரலாளர்கள் பின்னாளில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் கொண்டுவந்தார்கள். அன்றைய உலாவிகளில் பலனும் கிடைத்தது.

ஆனால் லூப்பைச் சுற்றவைக்கும் செலவு ஒரு சிறு பங்குதான். பெரிய செலவு லூப்புக்கு உள்ளே, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒளிந்திருந்தது. பத்து லட்சம் விலைகளைக் கூட்டும் ஒரு லூப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரே வரி: மொத்தத்தோடு விலையைக் கூட்டு. சி மொழியில் இரண்டுமே எண்கள் என்று எழுதும்போதே சொல்லிவிடுகிறோம்; எனவே இந்த வரி பிராசஸருக்கு ஒரே ஒரு கட்டளையாக முடிகிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அப்படி எதையும் சொல்வதில்லை. 3-ஐயும் 4-ஐயும் கூட்டினால் 7. ஆனால் 3 மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வந்திருந்தால் விடை 34, அதுவும் எழுத்தாக. ட்ரூ என்ற மதிப்போடு 1-ஐக் கூட்டினால் 2. கூட்ட வேண்டிய இடத்தில் ஓர் ஆப்ஜெக்ட் நின்றால், அதை எண்ணாகவோ எழுத்தாகவோ மாற்றித் தரும் ஃபங்ஷன் அதனிடம் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அழைத்து, வந்த விடையை வைத்து மீண்டும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். இடப்பக்கம் என்ன வகை, வலப்பக்கம் என்ன வகை என்ற இந்தக் கேள்விகளைப் பத்து லட்சம் சுற்றிலும் கேட்டாக வேண்டும். கூட்டல் நடக்கும் நேரம் அற்பம். கேள்வி கேட்கும் நேரம்தான் மலை.

இந்தக் கேள்விகளைத் தவிர்க்கலாம் என்று காட்டியது ஜாவாஸ்கிரிப்ட்டைவிட மூத்த ஒரு மொழி. 1986-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டேவிட் உங்கரும் ராண்டால் ஸ்மித்தும் வடிவமைத்த 'செல்ஃப்' என்ற மொழி அது. பயன்படுத்தியவர்கள் சிலரே. ஆனால் வகை அறிவிக்காத மொழியையும் விரைவாக ஓட்டும் வித்தைகள் பலவும் அந்த மொழியில்தான் விளைந்தன. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் செல்ஃப் குழுவில் இருந்த லார்ஸ் பாக், பின்னாளில் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இருந்தபடி கூகுளுக்காக, ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் வி8 என்ற என்ஜினைக் கட்டும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 2008 செப்டம்பர் 2 அன்று குரோம் உலாவியோடு அது வெளிவந்தது. மறு ஆண்டு ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.5, 'டிரேஸ்மங்கி' என்ற என்ஜினோடு வந்தது. அதன் வேலையே அடிக்கடி சுற்றும் லூப்பைக் கண்டுபிடித்து, அது போகும் பாதையை மட்டும் இயந்திர மொழியாக மாற்றுவது. பத்து நாளில் பிறந்த சின்ன மொழி கனமான வேலைகளுக்குத் தயாரானது இந்த இரண்டு ஆண்டுகளில்தான். கணினித் துறையின் அழகான பொறியியல் சாதனைகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

வித்தை இதுதான். என்ஜின் முதலில் லூப்பைச் சாதாரணமாக ஓட்டுகிறது, ஓட்டிக்கொண்டே குறிப்பெடுக்கிறது. இந்தக் கூட்டலுக்கு இதுவரை வந்தவை எல்லாம் சிறிய முழு எண்கள், இந்த இடத்தில் வந்த ஆப்ஜெக்ட்டுகள் எல்லாம் ஒரே அமைப்பு என்று. லூப் போதுமான அளவு சுற்றிவிட்டால், இனியும் இப்படியேதான் வரும் என்று பந்தயம் கட்டி, அந்த ஒரு வகைக்கு மட்டுமான இயந்திரக் கட்டளைகளைத் தயாரிக்கிறது. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் வழக்கமான நிறுத்தம் வந்ததும், ஏறுகிறவர் வாய் திறக்கும் முன்பே கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவாரே, அந்தத் துணிச்சல் இது. பந்தயம் தோற்றால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சின்னக் காவலும் உண்டு: வந்தது எதிர்பார்த்த வகைதானா என்று மட்டும் பார்க்கும் ஒரே சோதனை. நீண்ட விசாரணைக்குப் பதில் ஒற்றைக் கேள்வி.

லூப் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நான்கு லட்சமாவது சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எண்ணி, மொத்தம் முதலிய மதிப்புகளைப் பழைய நிரலிலிருந்து புதிய நிரலுக்கு மாற்றி, அங்கிருந்தே ஓட்டத்தைத் தொடரவைக்கிறது என்ஜின். இதற்கும் விதை செல்ஃப்தான். இன்றைய வி8-ல் இப்படி நான்கு படிநிலைகள் உள்ளன: இக்னிஷன் என்ற இன்டர்பிரெட்டர், அதற்கு மேலே 2021-ல் சேர்ந்த ஸ்பார்க்பிளக், 2023-ல் சேர்ந்த மேக்லெவ், உச்சியில் 2017 முதல் இருக்கும் டர்போஃபேன். லூப் சூடாகச் சூடாக ஒவ்வொரு படியாக ஏறும்.

உச்சிப் படியில் இருக்கும் கம்பைலர், நாம் கையால் செய்துகொண்டிருந்த உத்திகளைத் தானே செய்கிறது. சுற்றுக்குச் சுற்று மாறாத கணக்கை லூப்புக்கு வெளியே தூக்கி வைப்பது அவற்றில் முக்கியமானது. ஐபிஎம்மில் பிரான்சஸ் ஆலன், ஜான் காக் இருவரும் 1970-களின் தொடக்கத்திலேயே வகைப்படுத்தி எழுதிவைத்த உத்திகளில் அதுவும் ஒன்று. (ட்யூரிங் பரிசு பெற்ற முதல் பெண் ஆலன், 2006-ம் ஆண்டுக்கான பரிசு. வேகமாக ஓடும் எந்த நிரலிலும் அவர் உழைப்பின் சாயல் இருக்கிறது, ஆனால் நிரல் எழுதுகிறவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது.) சாதாரணப் பட்டியலின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்டாலும் இன்று அது நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும் வேலை மட்டுமே, பல நேரம் அதுகூட வெளியே போய்விடுகிறது. ஃபார்ஈச் என்று ஃபங்ஷனைக் கொடுத்து எழுதினாலும் சூடான லூப்பில் அந்த ஃபங்ஷனின் உடல் லூப்புக்குள்ளேயே பதிக்கப்படுகிறது. ஆகவே ஃபாரா, வைலா, முன்னோக்கியா, பின்னோக்கியா என்ற சண்டையை விட்டுவிடலாம். படிக்கிறவருக்கு எது தெளிவோ அதை எழுதுங்கள்.

கவனம் போக வேண்டிய இடம் வேறு. என்ஜின் பந்தயம் கட்டுகிறது என்றால், அந்தப் பந்தயம் ஜெயிக்கும்படியான தரவை நாம் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

எண்களையே பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண் என்றால் ஒரே வகைதான். மொழியின் விதிப்படி அவை எல்லாமே தசம எண். ஆனால் குரோமில் வி8 உள்ளுக்குள் சுமார் 107 கோடி வரையிலான முழு எண்களைத் தனியாக, மிக மலிவாகக் கையாள்கிறது. அதைத் தாண்டினாலோ, 3.5 போல் புள்ளி வைத்து வந்தாலோ வேறு வடிவத்துக்கு மாற வேண்டும். மில்லி நொடியில் எண்ணப்படும் இன்றைய நேரமே அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. முழு எண்கள் மட்டுமே உள்ள ஒரு பட்டியலில் ஒரே ஒரு 3.5-ஐப் போட்டால், பட்டியல் முழுவதும் தசமப் பட்டியல் என்ற வகைக்கு இறங்குகிறது. அதில் ஒரு பெயரையும் எழுத்தாகப் போட்டால் எதுவும் வரக்கூடிய பொதுப் பட்டியல் என்று இன்னொரு படி இறங்குகிறது. பிறகு அந்த 3.5-ஐயும் பெயரையும் அழித்துவிட்டு முழு எண்களை வைத்தாலும் மேலே ஏறாது. இறங்கும் வழி மட்டும்தான் உண்டு.

ஓட்டை விழுந்த பட்டியலும் அப்படியே. ஆயிரம் இடம் வேண்டும் என்று முன்பே சொல்லி வெற்றுப் பட்டியலை உருவாக்கினால், ஆயிரமும் ஓட்டைகளாகவே பிறக்கின்றன. எல்லா இடத்தையும் ஒவ்வொன்றாக நிரப்பிய பின்னும் என்ஜின் அதை ஓட்டையுள்ள பட்டியலாகவே நினைவில் வைத்திருக்கும். படிக்கும்போதெல்லாம் இங்கே ஓட்டை இருக்குமோ என்ற கூடுதல் சோதனை ஒட்டிக்கொள்ளும். சின்ன வித்தியாசம்தான். கோடிக்கணக்கில் சுற்றும் லூப்பில் மட்டும் தெரியும்.

ஆப்ஜெக்ட்டுகளில் வித்தியாசம் பெரிது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் அதன் உறுப்புகள் எவை, எந்த வரிசையில் சேர்ந்தன என்பதை வைத்து என்ஜின் ஒரு வடிவத்தைக் குறித்துக்கொள்கிறது. பெயர், விலை என்ற வரிசையில் உருவானதும், விலை, பெயர் என்ற வரிசையில் உருவானதும் நமக்கு ஒன்றாகத் தெரியலாம்; என்ஜினுக்கு இரண்டு வேறு வடிவங்கள். தள்ளுபடி உள்ள பொருளுக்கு மட்டும் பிற்பாடு ஓர் உறுப்பைச் சேர்த்தால் மூன்றாவது வடிவம். லூப்புக்குள் ஓர் இடத்தில் ஒரே வடிவம் வந்தால், விலை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று நேராகப் போய் எடுத்துவிடலாம். நான்கு வடிவம்வரை வி8 அந்த இடத்திலேயே பட்டியல் போட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பொதுவான தேடலுக்கு இறங்கிவிடும். தள்ளுபடி இல்லாத பொருளுக்கும் தொடக்கத்திலேயே தள்ளுபடி பூஜ்யம் என்று எழுதிவிட்டால் எல்லாம் ஒரே வடிவம். வேகத்துக்காக நான் முதலில் சொல்லும் அறிவுரை இதுதான். செலவில்லாதது, நிரலின் தெளிவையும் கூட்டுவது.

பந்தயம் தோற்றால் என்ன ஆகும்? தொண்ணூறாயிரம் சுற்றுவரை எண்ணாக வந்த விலை, தொண்ணூறாயிரத்து ஒன்றாவது சுற்றில் எழுத்தாக வந்தது என்று வையுங்கள். சர்வரிலிருந்து வரும் தரவில் இது சர்வசாதாரணம். காவல் சோதனை அதைப் பிடிக்கிறது. தயாரித்த இயந்திர நிரலை என்ஜின் தூக்கி எறிந்துவிட்டு, இன்டர்பிரெட்டருக்கு இறங்கி, மறுபடி குறிப்பெடுத்து, இந்த முறை இரண்டு வகையையும் தாங்கும் மெதுவான நிரலைத் தயாரிக்கிறது. விடையும் கெட்டுவிடுகிறது, மொத்தம் அந்தப் புள்ளியிலிருந்து எழுத்தாக ஒட்டிக்கொண்டே நீளும். தரவு உள்ளே நுழையும் வாசலிலேயே எண்ணாக மாற்றிவிடுங்கள். பிழையும் போகும், வேகமும் நிலைக்கும்.

படங்களைக் கையாளும் லூப்புகளுக்கு மட்டும் நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட ஒரு ஃபோட்டோவில் 1.2 கோடி புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட். பிராசஸர் பெரும்பாலும் 64 பைட்டை ஒரு கட்டாக எடுக்கிறது, அதாவது 16 புள்ளிகள். வரிசை வரிசையாகப் போனால் ஒரு கட்டு 16 சுற்றுக்கு உதவும். மேலிருந்து கீழாகப் பத்திப் பத்தியாகப் போனால் ஒவ்வொரு சுற்றும் 16,000 பைட் தாண்டிக் குதிக்கிறது. எடுத்த கட்டில் 4 பைட்டைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். இரண்டு ஃபார்களை இடம் மாற்றினால் சரியாகும் விஷயம்.

இவ்வளவும் கணக்குப் போடும் லூப்புகளைப் பற்றி. வலைப்பக்கத்தில் மெதுவாக ஓடும் லூப்புகளில் பெரும்பாலானவை கணக்கால் மெதுவாவதில்லை. அவை பக்கத்தைத் தொடுவதால் மெதுவாகின்றன. இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நேரத்தைத் தொலைப்பது இங்கேதான்.

ஆயிரம் வரி கொண்ட ஒரு பட்டியலைத் திரையில் காட்ட வேண்டும். இன்னர்எச்டிஎம்எல் என்ற உறுப்போடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வரியை ஒட்டிக்கொண்டே போவது எழுதுவதற்கு எளிது. உள்ளே என்ன நடக்கிறது? உலாவி அதுவரை இருந்த வரிகளை எல்லாம் எழுத்தாக மாற்றிக் கொடுக்கிறது. நம் நிரல் கடைசியில் ஒன்றை ஒட்டுகிறது. உலாவி பழைய வரிகளை வீசிவிட்டு, புதிய எழுத்து முழுவதையும் முதலிலிருந்து படித்து, எல்லா வரிகளையும் மறுபடி உருவாக்குகிறது. முதல் சுற்றில் 1 வரி, இரண்டாவதில் 2, ஆயிரமாவதில் 1000. மொத்தம் 5,00,500 வரிகளை உருவாக்கி, அதில் 4,99,500-ஐக் குப்பையில் போடுகிறோம். அந்த வரிகளில் மாட்டி வைத்த கிளிக் ஃபங்ஷன்களும் அதோடு போகும். எல்லா வரிகளையும் முதலில் ஒரே எழுத்தாகச் சேர்த்துக்கொண்டு, லூப் முடிந்ததும் ஒரே முறை கொடுத்தால் ஆயிரம் வரியோடு வேலை தீர்ந்தது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ஒரு பெட்டியின் உயரத்தைக் கேட்பது, அதை வைத்து அகலத்தை மாற்றுவது, அடுத்த பெட்டிக்குப் போவது என்று ஒரு லூப். அகலம் மாறியதும் பக்கத்தின் அளவுகள் எல்லாம் காலாவதியாகிவிடுகின்றன. உலாவி சோம்பேறித்தனமாக இருக்கவே விரும்பும். மாற்றங்களைச் சேர்த்து வைத்து, அடுத்த முறை திரையை வரையும்போது மொத்தமாகக் கணக்கிடும். ஆனால் அடுத்த சுற்றிலேயே நாம் உயரத்தைக் கேட்டுவிட்டால், சரியான விடை சொல்ல அந்த நொடியே அளவுகளைக் கணக்கிட்டாக வேண்டும். 200 பெட்டி என்றால் 200 முறை. முதலில் ஒரு லூப்பில் எல்லா உயரங்களையும் படித்துக்கொண்டு, இரண்டாவது லூப்பில் எல்லா அகலங்களையும் எழுதினால் ஒரே கணக்கில் முடியும். ஒரு லூப் இரண்டு லூப்பாகி வேகம் கூடுகிறது. சுற்றுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இது ஒருபோதும் தோன்றாது.

சர்வரிடம் கேட்கும் லூப்பும் இதே வகை. ஒவ்வொரு சுற்றிலும் அவெய்ட் போட்டுக் காத்திருந்தால், ஒன்றுக்கு 200 மில்லி நொடி வீதம் 100 கேள்விக்கு 20 நொடி. ஒன்றையொன்று சாராத கேள்விகளைச் சேர்த்து அனுப்பிவிட்டு மொத்தமாகக் காத்திருக்கலாம்.

எந்த மொழியானாலும், லூப்புக்குள் லூப் இருப்பதை முதலில் தேடுங்கள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் என்ற விளையாட்டு, கணினியில் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும் என்று பல ஆண்டுகளாகப் பெயர் எடுத்திருந்தது. 2021-ல் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே, காரணத்தைக் கண்டுபிடித்தார். காரணங்கள் இரண்டு, அவற்றில் ஒன்று, சுமார் 63,000 பொருட்களைப் பட்டியலில் சேர்க்கும்போது, ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியல் முழுவதையும் தேடியது. 198 கோடிக்கு மேற்பட்ட ஒப்பீடுகள். இரண்டையும் சரிசெய்தபோது அவருடைய கணினியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. அந்த நிரல் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை. ஆனால் லூப்புக்குள் இன்க்ளூட்ஸ் என்று எழுதும்போது நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம். தேடும் லூப் அந்தச் சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. 10,000 பெயரை 10,000 பெயரில் தேடினால் 10 கோடி ஒப்பீடு. தேட வேண்டிய பட்டியலை முன்பே, முழுவதையும் தேடாமல் உண்டா இல்லையா என்று சொல்லும் ஒரு செட்டாக மாற்றிவிட்டால், செட்டைக் கட்ட 10,000 வேலை, தேட 10,000 வேலை, அவ்வளவுதான். இந்த ஒரு திருத்தத்துக்கு ஈடான வேகத்தை எந்த என்ஜினும் எந்தப் பின்னோக்கு லூப்பும் தர முடியாது.

எதைத் திருத்துவது என்று ஊகிக்காதீர்கள். 1971-ல் டொனால்ட் குனுத், நிஜமான ஃபோர்ட்ரான் நிரல்களை எடுத்து ஆராய்ந்து, பொதுவாக நிரலில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை எடுப்பதாகக் காட்டினார். அந்த 4 சதவீதம் எது என்று எழுதியவருக்கே பெரும்பாலும் தெரியாது. சிறு லூப் ஒன்றைத் தனியே பிய்த்து எடுத்து, லட்சம் முறை ஓட்டி நேரம் பார்ப்பதும் ஏமாற்றும்: விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் கம்பைலர் லூப்பையே நீக்கிவிடும், நாம் அளப்பது வெறுமையை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியானதும், உலாவிகள் தங்கள் கடிகாரத்தின் நுட்பத்தையும் வேண்டுமென்றே குறைத்துவிட்டன; மிகச் சிறிய நேரங்களை அளப்பது அதனாலும் நம்பத் தகுந்ததல்ல.

முழுப் பக்கத்தையும் ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். திரை நொடிக்கு 60 முறை வரையப்படுகிறது என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. லூப் அதைத் தாண்டினால் பக்கம் உறைகிறது. விரல் அழுத்துகிறது, ஒன்றும் நடப்பதில்லை. உங்கள் மேசையில் இருக்கும் கணினியில் 10 மில்லி நொடியில் முடியும் லூப், பேருந்து நேரமோ தேர்வு முடிவோ பார்க்க ஒருவர் கையில் வைத்திருக்கும் மலிவான ஃபோனில் பல மடங்கு எடுக்கும். குரோமில் எஃப்12 அழுத்தி பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போனால், பிராசஸரை 4 மடங்கு மெதுவாக்கி ஓட்டிப் பார்க்கும் வசதி அங்கேயே இருக்கிறது. அப்படி ஒருமுறை பதிவு செய்து, நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு லூப்பைத் திருத்த உட்காருங்கள்.